தொண்ணூறு நாளும் ஒரு செங்கல் துண்டும்

7 மே 2025, புதன்

மூன்றாம் நாள். வாளி 1.6 கிலோ. மழை இல்லை.

எனக்கு உரக்குழி வேலை கொடுத்திருக்கிறார்கள். சமையலறைக் கழிவு வாளியை மாலை ஆறு மணிக்கு எடுத்துப்போய்க் குழியில் கொட்டி, மேலே காய்ந்த இலையைப் பரப்ப வேண்டும். அவ்வளவுதான். எடை பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் எடை பார்க்காமல் ஒரு பொருளை எப்படிக் கொட்டுவது? குளுவாங் நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தவனுக்கு அதற்குக் கை வராது. கொட்டகையில் ஒரு பழைய தொங்கு தராசு கிடந்தது. துருவைத் தேய்த்துச் சரிபார்த்தேன். ஐம்பது கிராம் கூட்டிக் காட்டுகிறது. கழித்துக்கொள்கிறேன்.

காஹாங் டவுனிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். சுற்றிலும் எண்ணெய்ப் பனை, நடுவில் இந்தப் பதினோரு ஏக்கர். ஒன்பது பேர் இங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். பயிர், ஆடு, அடுப்பு எல்லாம் பொது. தூங்க மட்டும் ஆளுக்கொரு சின்ன வீடு. பெயர்ப்பலகையில் 'ஈரநிலம்' என்று இருக்கிறது. எல்லாரும் சொல்வது கம்பம், மலாயில் கிராமம். நான் பத்தாவது ஆள் — இன்னும் ஆகவில்லை. தொண்ணூறு நாள் இருந்து பார்த்த பிறகுதான் சேர்ப்பார்களாம்.

லோஷினியிடம் இயற்கை விவசாயக் கோர்ஸ், மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அறுபத்தொன்பது வயதில் மகளிடம் பொய். ஜொகூர் பாருவில் அவள் வீட்டுப் பதினேழாவது மாடி எனக்குப் பிடிக்கவில்லை என்று ஐந்து வருடமாகச் சொல்ல முடியாதவன் வேறு என்ன செய்வேன்?

8 மே, வியாழன்

மதியம் மரவள்ளிக்கிழங்கு. அவித்தது, உப்பில்லாமல், மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ. வேறு எதுவும் கிடையாது. வியாழன்தோறும் இதுதானாம்.

சமைப்பவர் ஆதம். சிகாமட்டில் குடும்பச் சாப்பாட்டுக் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு."

இன்னும் இரண்டு துண்டு வைத்தார். மூன்று டம்ளர் தண்ணீரில் இறக்கினேன்.

வாளி 4.2 கிலோ. தராசில் தவறா? மறுபடி நிறுத்தேன். 4.2.

11 மே, ஞாயிறு

இன்று முதல் வட்டம். ஞாயிறு காலை ரம்புத்தான் மரத்தடியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரத்து முடிவுகளை எடுக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு கல்: வெள்ளை ஆற்றுக் கூழாங்கல் ஒன்று, செங்கல் துண்டு ஒன்று. யாராவது ஒன்றைச் சொன்னதும் சம்மதமானால் வெள்ளையை நடுவில் வைக்க வேண்டும், வேண்டாமென்றால் சிவப்பை. ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் அது நடக்காது. ஆனால் வைத்தவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நிஜம்தான் என்று வட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கும் இரண்டு கல் கொடுத்தார்கள். பிறகு வாசுகி சொன்னாள் — சிங்கப்பூரில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து இந்த நிலத்தை எல்லார் பேருக்கும் எழுதிவைத்தவள் — "அங்கிள், தொண்ணூறு நாளைக்குள்ள ஒரு தடவையாச்சும் நீங்க சிவப்பு வைக்கணும். வைக்காதவங்கள நாங்க சேர்த்துக்கறதில்ல."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அங்கம்மாதான் விளக்கினார். ஆடுகளைப் பார்த்துக்கொள்பவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு, அப்புறம் ஃபேக்டரி, அப்புறம் கம்பம் என்று தன்னை ஒரே மூச்சில் அறிமுகம் செய்துகொண்டவர்.

"யோங் பெங்ல இருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்கண்ணே. ஒரு வருஷம் எல்லாத்துக்கும் வெள்ளை. ஒரு நாள் காலைல ஆளக் காணோம், ஆறு பக்கத்துக்கு லெட்டர். ஆட்டு நாத்தம், ரேடியோ சத்தம், லிம் விசிலடிக்கறது... ஒண்ணு விடல. வாயத் தொறந்து ஒரு நாள் சொன்னாங்களா? அதுக்கப்புறந்தான் இந்த விதி."

தேனீ வளர்க்கும் லிம் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் விசிலடிப்பதில்லையாம்.

மரம் வெட்டச் சொன்னால் வெட்டுவேன். சாணி அள்ளச் சொன்னால் அள்ளுவேன். இது — இதை எப்படி?

12 மே, திங்கள்

வேண்டாம் என்று நான் கடைசியாக எப்போது சொன்னேன்? வெகுநேரம் யோசித்தேன். 1998இல் ஒரு பல் மருத்துவரிடம். அவரும் பிடுங்கிவிட்டார்.

25 மே, ஞாயிறு

வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

எனக்கு எதிர்ப்பு இருக்கக்கூடிய விஷயங்களை நோட்டில் எழுதிப்பார்த்தேன். ஏழு வந்தது. குளியலறைக் கொண்டி சரியாக விழுவதில்லை — அதை நானே சரிசெய்துவிட்டேன். சேவல் நாலரைக்கே கூவுகிறது — சேவலிடம் என்ன சொல்வது? இப்படி ஆறு போய்விட்டது. ஏழாவது மரவள்ளிக்கிழங்கு. அதை அழுத்தி அடித்தேன். ஆதம் எவ்வளவு அன்பாகப் பரிமாறுகிறார். இந்த வியாழன் நாலு துண்டு.

இருந்தாலும் இதை எழுதிவைக்க வேண்டும்: இங்கே எனக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வருகிறது, எழுந்ததும் செய்ய வேலை இருக்கிறது. எருக்குழியில் கைவைத்தால் சூடு தெரிகிறது. காலை 58 டிகிரி. பதினேழாவது மாடியில் எனக்கு விழிப்பு மட்டும்தான் வந்தது.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். ஆதமின் அண்ணன் கறி கொடுத்தனுப்பியிருந்தார். மதியம் ஆட்டுக்கறிப் பிரட்டல், நெய்ச்சோறு. நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கேட்டு வாங்கினேன். லிம் தட்டை விரலால் வழித்தார்.

"எப்படிண்ணே?"

"ரொம்ப நல்லா இருக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கிழங்குக்கும் இதே சொல்லைத்தானே சொன்னேன்? இன்று நிஜமாகவே நன்றாக இருந்தது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

வாளி 0.7.

8 ஜூன், ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆட்டுக் கொட்டகைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. யாரையும் புண்படுத்தாத விஷயம், இதை விடக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு செங்கல்லை வைத்தேன். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆதம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க அங்கிள், என்ன காரணம்?" என்றாள் வாசுகி.

"கலர்... கலர் சரியில்லம்மா."

"வேற என்ன கலர் அடிக்கலாம்?"

வாயைத் திறந்தேன். உலகத்தில் உள்ள எல்லா நிறமும் மறந்துபோனது.

"பச்சை," என்றேன்.

முதலில் லிம்மின் தோள் குலுங்கியது. அப்புறம் எல்லாருக்கும். ஆதம் துண்டால் கண்ணைத் துடைத்தார். "அண்ணே, ஆடே சிரிக்குது," என்றார் அங்கம்மா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசுகி செங்கல்லை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இது சேராது அங்கிள். பரவால்ல. நாள் இருக்கு."

கொட்டகைக்குப் பச்சை அடிக்கிறார்கள். நானும் சேர்ந்து அடிக்கிறேன்.

19 ஜூன், வியாழன்

டுரியான் விழத் தொடங்கிவிட்டது. காலையில் அங்கம்மாவும் நானும் கூடையோடு பொறுக்கப் போனோம். முள்பழம் மண்டையில் விழுந்தால் ஆபத்து என்று தலைக்கு ஒரு கட்டுமானத் தொப்பி. அவர் கேட்டார்:

"உங்க பொண்டாட்டிகிட்டகூட வேணாம்னு சொன்னதில்லையாண்ணே?"

"அவளே எனக்கும் சேத்துச் சொல்லிருவா."

உண்மைதான். முப்பத்தாறு வருடம். விருந்துக்குப் போனால், "அவருக்குக் கத்திரிக்காய் வேணாம்" என்பாள். மாற்றல் உத்தரவு வந்தபோதுகூட, "அவரு போகமாட்டாரு" என்று அவள்தான் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். அவள் போன பிறகு நான் ஐந்து வருடமாகக் கத்திரிக்காய் சாப்பிடுகிறேன்.

இதை அங்கம்மாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப அந்த அக்கா இருந்திருந்தா இங்க சேந்திருப்பாங்க, நீங்க கேட்டுக்கு வெளியதான்," என்றார்.

கிழங்கு ஐந்து துண்டு. வாளி 4.0.

3 ஜூலை, வியாழன்

கிழங்கு. ஆறு துண்டு.

5 ஜூலை, சனி

லோஷினி போன் செய்தாள். "கோர்ஸ் ஆகஸ்ட் ரெண்டுதான முடியுது? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்பா. உங்க ரூமுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன், சரியா?"

"சரிம்மா."

"டிவிய உங்க ரூம்லயே மாட்டிடவா?"

"சரிம்மா."

சரிம்மா. சரிம்மா. வேற வார்த்தையே தெரியாதாடா உனக்கு? இருபத்தெட்டு நாள்தான் இருக்கு. இங்க சேர்க்கலன்னா நேரா கார்ல ஏறி, லிஃப்டுல ஏறி — அவ்வளவுதான். அந்தப் பிள்ளை காலைல நாலரைக்குப் பாலத்தத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயி ராத்திரி வரும். கோவிச்சுக்கவும் முடியாது. நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம்.

10 ஜூலை, வியாழன்

பத்து வியாழக்கிழமைகளின் சராசரி 4.1 கிலோ. மற்ற நாட்களின் சராசரி 1.5. தராசில் தவறில்லை.

இன்று சாப்பிட்டு முடிந்ததும் கவனித்தேன். ஒவ்வொருவராக, ஆளில்லாத சமயம் பார்த்து, வாளிப் பக்கம் போகிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு வழித்துப் போடுகிறார்கள். வாசுகி மேலே ஒரு வாழையிலையைப் போட்டு மூடினாள். இது என்ன?

அங்கம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "அது வாசுகியோட கொள்கைண்ணே. மொத வருஷம் நாங்க வெறும் கிழங்கத் தின்னுதான் இந்த நிலத்துல நின்னோம். அத மறக்கக்கூடாதுன்னு வச்சிருக்கா."

வாசுகியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஆதம் அண்ணனுக்கு அதுல ஒரு பிரியம் அங்கிள். அவரு மனச ஏன் கஷ்டப்படுத்தணும்?"

ஆதமிடம் கேட்கவில்லை. எனக்கு ஆறு துண்டு வைக்கிறவரிடம் எப்படிக் கேட்பது?

13 ஜூலை, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். உட்கார்ந்ததும் ஆதம் எதிரே வந்தார். "நேத்து இருமிட்டிருந்தீங்களேண்ணே," என்று இஞ்சித் தண்ணீர் ஒரு குவளை கையில் கொடுத்தார்.

வெள்ளை.

20 ஜூலை, ஞாயிறு

வெள்ளை.

24 ஜூலை, வியாழன்

ஏழு துண்டு.

27 ஜூலை, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அவசரப்படக்கூடாது.

தொண்ணூறு நாளுக்குள் வரும் கடைசி வட்டம் இது. வேலிக் கம்பி விஷயம் முடிந்தது. பிறகு வாசுகி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"மதி அங்கிள் விஷயம். அவருக்கு இது வரல, எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் வந்தப்புறம் உரம் பாத்தீங்களா? கொட்டகை பாத்தீங்களா? அவர இழக்க யாருக்கும் மனசில்ல. அதனால அவருக்கு மட்டும் இந்த விதிய விட்டுரலாம்னு நான் கேக்கறேன்."

டக், டக் என்று வெள்ளைக் கற்கள் விழுந்தன. ஒன்பது. அங்கம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆதம் சிரித்தார். நானும் வெள்ளையை வைத்தால் முடிந்தது. லிஃப்ட் இல்லை, பதினேழாவது மாடி இல்லை.

கூழாங்கல் கையில்தான் இருந்தது. என்னமோ அது நகரவில்லை. இன்னொரு கைதான் போனது. செங்கல்லை ஒன்பது வெள்ளைக்கு நடுவில் வைத்தேன்.

"அண்ணே, கல்லு மாறிப்போச்சு," என்றார் ஆதம்.

"மாறல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மாறல. எனக்காக விதிய விட வேண்டாம். ஆபீஸ்லயும் இப்படித்தான். பாவம் மதிவாணன், அவரக் கேக்காதீங்க, விட்டுருங்கன்னு சொல்லுவாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. முப்பத்து நாலு வருஷம் ஒரு கூட்டத்துலயும் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. இங்கயும் அப்படி உள்ள வர எனக்கு இஷ்டமில்ல. முடியலன்னா, உங்களால முடியலன்னு சொல்லி அனுப்பிருங்க. அது பரவால்ல."

சொல்லிவிட்டு எழுந்தேன். பெட்டி கட்ட வேண்டும் என்றுதான் மனதில் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாய்வு நாற்காலியை மடிப்பது கொஞ்சம் சிரமம்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அங்கம்மா. "உக்காருங்க."

வாசுகி செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காரணம் நிஜம்தானா?" என்று வட்டத்தைக் கேட்டாள். லிம் முதலில், "பெத்துல்," என்று மலாயில் சொன்னார். உண்மைதான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"அப்ப விதிய விடறது நடக்காது. விதி இருக்கு," என்றாள் வாசுகி. "அதுல என்ன கேட்டிருக்கோம்? ஒரு தடவையாச்சும்..."

"அலமாக்," என்றார் ஆதம். "வேணாம்னு சொல்லியே உள்ள வந்துட்டாரே இந்த மனுஷன்."

எனக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. அங்கம்மா என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். வலித்தது.

சிரிப்பெல்லாம் அடங்கியதும் வாசுகி வழக்கம்போலக் கேட்டாள், "வேற ஏதாச்சும் இருக்கா?" யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. நான் கைதூக்கினேன்.

"ஒண்ணு இருக்கு." நோட்டைப் பிரித்து, பன்னிரண்டு வியாழக்கிழமைகளின் எடையையும் படித்தேன். படிக்கப் படிக்க ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆதம் மெதுவாகக் கேட்டார், "அண்ணே, நீங்கதான ஏழு துண்டு சாப்பிட்டீங்க?"

"எனக்குப் பிடிக்கல ஆதம்."

"ஒரு துண்டுகூடவா?"

"ஒரு துண்டுகூட."

ஆதம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஆகாதுண்ணே," என்றார். "நாலு வருஷமா அவிச்சு அவிச்சு, அந்த வாடையே கொமட்டுது. அங்கம்மாவுக்குப் பிடிக்குமேன்னுதான்..."

"எனக்கா?" என்றார் அங்கம்மா. "ஜப்பான்காரன் காலத்துல தின்னு தின்னு, எங்கப்பா அத வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு. வாசுகி கொள்கையாச்சேன்னு நானும் முழுங்கிட்டிருந்தேன்."

வாசுகி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையில் இரண்டு கல்லையும் வைத்துக்கொண்டு, நாலு வருடம், ஒன்பது பேர்.

கிழங்கை நிறுத்துவதற்குப் பத்து வெள்ளை. அப்போதுதான் லிம் கேட்டார், "அப்ப விசில்? போலே?" அடிக்கலாமா என்று. அதற்கும் பத்து வெள்ளை. என்னைச் சேர்ப்பதற்கு ஒன்பது. அதில் எனக்குக் கல் கிடையாது.

வாளி எடை பார்க்க மறந்துவிட்டேன். முதல் முறை.

1 ஆகஸ்ட், வெள்ளி

நாளை லோஷினி. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். நான்கு வரி. இரண்டாகக் குறைத்தேன்.

2 ஆகஸ்ட், சனி

தொண்ணூறாம் நாள். பத்தரைக்குக் கார் வந்தது. காலிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். தாள் வேறு சட்டையில் இருந்தது. பையில் செங்கல் துண்டுதான் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"லோஷினி, நான் வரலம்மா. இங்கயே இருக்கப்போறேன். இது கோர்ஸ் இல்ல."

அவள் காரைப் பூட்டிவிட்டு நின்றாள்.

"தெரியும்பா. மூணு மாசக் கோர்ஸுக்கு யாராச்சும் அம்மா போட்டோவும் சாய்வு நாற்காலியும் தூக்கிட்டுப் போவாங்களா?"

"தெரிஞ்சுகிட்டே எதுக்கும்மா ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கறேன்ன?"

"வேணாம்னு சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க சரிம்மான்னுட்டீங்க. பெயிண்டர் வந்து அடிச்சும் முடிச்சுட்டாரு."

"என்ன கலர்?"

"பச்சை. உங்களுக்குப் பிடிக்குமே."

பச்சை பிடிக்கும் என்று நான் எப்போது சொன்னேன்? எப்போதாவது யாராவது கேட்டிருப்பார்கள்.

கொஞ்சம் அழுதாள். அந்த வீடு அவ்வளவு பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்டாள். "வீடு பிடிக்கல. உன்னை இல்ல," என்றேன். இதைத் தாளில் எழுதியிருக்கவில்லை. அங்கம்மா அவளை ஆடு பார்க்கக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது இருவரும் என்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள் என்பது தெரிந்தது.

கிளம்பும்போது, "வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருங்கப்பா," என்றாள்.

"ஞாயிறு வட்டம் இருக்கும்மா. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை வரேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிப்பா," என்றாள்.

காலிப் பெட்டியில் டுரியான் போட்டு அனுப்பினோம். காரில் அந்த வாடை ஒரு மாதம் போகாது.

9 ஆகஸ்ட், சனி

காலை மழை, 11 மி.மீ. எருக்குழி 61 டிகிரி.

14 ஆகஸ்ட், வியாழன்

மதியம் மீன் புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல். ஆதம் கரண்டியோடு வந்து நின்றார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"குழம்புல உப்பு கொஞ்சம் கூட."

என் தட்டிலிருந்தே தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆமா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"பொரியல் ரொம்ப நல்லா இருக்கு," என்றேன் பின்னாலிருந்து.

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நம்பிவிட்டார்.

தேன்பெட்டிப் பக்கம் லிம் விசிலடிக்கிறார். சுருதி கொஞ்சம் சேரவில்லை. ஞாயிறு வரட்டும்.

வாளி 0.8 கிலோ.